துவாதசியன்று எடுத்த ரத்தம்

மயிலாப்பூர்,
9.8.1996

டெல்லி மாநகரில் ஊரார் இதயங்களை எல்லாம் உற்றுப் பார்த்து டாக்டர் படிப்புக்கு மேல் படிப்புப் படிக்கும் என் மருமான் சிரஞ்சீவி சுஹாஸுக்கு, வடக்கு மாட வீதி வெங்கடரமண மாமா சோர்ந்த கையால் எழுதும் ஆசீர்வாதம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். இப்போது அந்த வார்த்தையை எழுதவே டாக்டர் சீட்டு தேவைப்படுவதால் விட்டுவிட்டேன். உன் சௌக்கியத்தை விசாரிக்கவும் மனசு வரவில்லை. இத்தனைக்கும் காரணகர்த்தா நீதான்.

இரண்டு மாதம் முன்னால் எஸ்.டி.டி. போட்டு, "மாமா, தாத்தா ஹார்ட்லதான் போனார், உங்களுக்கும் அறுபது ஆகப்போறது, ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிண்டா என்ன?" என்றாய். அதோடு விட்டாயா? போனை மாமியிடம் கொடுக்கச் சொல்லி அவளிடமும் ஓதினாய். முதல் நாள் ராத்திரியிலிருந்து வெறும் வயிறு என்று லேப்பில் சொன்னார்கள். நம் அதிர்ஷ்டம், அந்த முதல் நாள் ஏகாதசி. மாதம் இரண்டு தடவை உபவாசம் இருக்கிற பரம்பரையிடமா வெறும் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் சிரித்தேன். சாஸ்திரப்படி அன்று சோறு கிடையாது. அரிசியை உடைத்து உப்புமா கிளறிவிட்டால் அது சோறும் ஆகாது, ஆகையால் இமயமலை உயரத்துக்கு உப்புமா, குளம் போலக் கத்திரிக்காய் கொத்சு, பக்கத்தில் கேசரி. மறுநாள் துவாதசி, திதி போவதற்குள் பாரணை பண்ணியாக வேண்டும். பாரணை சாப்பாட்டில் சேராது, அது உபவாசத்தின் கடைசிப் பகுதி. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும், நடுவே நெய்யும் விட்டுப் பிசைந்து உபவாசத்தைப் பூர்த்தி செய்துகொண்டு நேரே லஸ்ஸில் இருக்கும் லேப்புக்குப் போய்க் கையை நீட்டினேன். "ஃபாஸ்டிங்கா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நேத்திக்குப் பூரா உபவாசம்மா" என்றேன், ஒரு மகரிஷியின் கம்பீரத்தோடு.

ரத்தத்தைத் தெளிய வைத்தால் மேலே பால் மாதிரி நின்றதாம். டிகிரி காப்பிக்கு ஆகும் என்று நினைத்தார்களோ என்னவோ, தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள். ராயப்பேட்டை டாக்டர் அப்துல் வஹீத் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பதின்மூன்றாம் நாள் காரியம்வரை முடிந்துவிட்டது. பிறகு விரல் மடக்க ஆரம்பித்தார். "அப்பாவுக்கு ஹார்ட், ஒண்ணு. வயசு, ரெண்டு. நடக்கிறதில்ல, மூணு. இந்த ரிப்போர்ட், நாலு. பிரஷர் பரவாயில்ல." நான் தைரியமாக, "தொப்பையை விட்டுட்டேளே டாக்டர்" என்றேன். "அதுக்கு என் கையில விரல் பத்தாது சார்" என்றார்.

அன்றோடு என் ராஜ்யம் கவிழ்ந்தது. நெய் ஜாடி கவிழ்த்துக் கழுவப்பட்டது. அப்பளம் தணலில் வாட்டப்பட்டது. என் உயிரினும் இனிய மாவடு ஜாடி பரணுக்கு ஏறிவிட்டது, ஏணியும் பக்கத்து ஆத்துக்குப் போய்விட்டது. உப்பில்லாத ரசத்தைக் குடித்தால், கங்கையை ஒரு துரும்பால் கலக்கிக் குடித்தது போலிருக்கிறது. இதில் பெரிய கொடுமை, உன் மாமியும் அதையே சாப்பிடுகிறாள். "நீ ஏண்டி கஷ்டப்படறே, நீ போட்டுக்கோயேன்" என்றால், "நன்னாயிருக்கே, நீங்க வெறும் சாதத்தை முழுங்கறச்சே எனக்கு மட்டும் ஊறுகாய் எறங்குமா?" என்கிறாள். திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போய்விட்டது.

காலையில் நாலு மாட வீதியையும் சுற்ற வேண்டும். நான் ஹோட்டல் பக்கம் ஒதுங்கிவிடுவேன் என்று பின்னாலேயே சி.ஐ.டி. மாதிரி வருகிறாள். ஆனால் என்னை நடக்கவும் விடுவதில்லை. தெற்கு மாட வீதி முனையில் பூக்காரி தேவானையிடம் தினமும் நின்றுவிடுகிறாள், பூவும் வாங்குவதில்லை. "இன்னா மாமி, இப்டி மூச்சு வாங்குது? செத்த குந்து" என்கிறாள் அவள். "எனக்கென்னடி, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். மாமாவுக்குத்தான் ஹார்ட்டு" என்று கூடையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள் இவள். "மாமா ஜம்முனுதானே கீறாரு!" என்கிறாள் தேவானை. மயிலாப்பூரிலேயே சரியான டாக்டர் அவள்தான்.

போன வாரம் மறுபடி போனபோது டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி, "அன்னிக்கு முந்தின ராத்திரி என்ன சாப்ட்டீங்க?" என்றார். சொன்னேன். காலையில் என்றார். அதையும் சொன்னேன், நெய் உள்பட. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், எங்க நோன்புல தண்ணிகூட முழுங்க மாட்டோம். உங்க நோன்புக்கு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வந்து உட்கார்ந்திருப்பேனே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிஜமாகவே வெறும் வயிற்றோடு மறுபடி ரத்தம் கொடுத்தேன். இந்தத் தடவை, "கொஞ்சம் கூடத்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, நடந்தா போதும்" என்றுவிட்டார்.

உன் மாமி நம்பவில்லை. "பாய் டாக்டர் உங்க மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார். நாளைக்கு நானே வந்து கேக்கறேன். சுஹாஸும் எழுதட்டும், அப்புறம் ஜாடியை எறக்கறேன்" என்கிறாள். ஆகையால் குழந்தே, நாலு வாய்க்குள் நுழையாத வார்த்தைகளைப் போட்டு, மாமா பூரண ஆரோக்கியம், மாவடு தடையில்லை என்று உடனே மாமிக்கு ஒரு கடிதம் எழுது. உன் கைராசியால் உலக இதயங்கள் எல்லாம் கடிகாரம் போல ஓடட்டும். நீ தீர்க்காயுசாக இருந்து, நெய்யோடு இருப்பாயாக.

இப்படிக்கு,
இளைத்துத் துரும்பான உன் மாமா,
வெங்கடரமணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்ததும் நல்லதாய்ப் போயிற்று. இன்று மாமி டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய வந்தாள். மாடிப்படி ஏறியதும் பேச்சு வரவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவள் கையில் பட்டையைச் சுற்றினார். நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினார். ஈ.சி.ஜி.யும் எடுத்தார். பிரஷர் ரொம்ப ஏறியிருக்கிறது, இதயத்தை இனிமேல் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தினம் மாத்திரை, உப்பு கூடாது, மெதுவாக நடக்கலாம் என்று அவளிடமே சொன்னார். அவள் சொன்ன பதில்: "எனக்கெதுக்கு டாக்டர் அதெல்லாம்? இவருக்குத்தான் சரியாயிடுத்தே. நாளைக்கு வெண்ணெய் வாங்கிக் காய்ச்சணும்."

தனக்காக ஒரு கல் உப்பைக் குறைத்துக்கொள்ள மாட்டாள். எனக்காக இரண்டு மாதம் உப்பே இல்லாமல் சாப்பிட்டாள். பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றாள் என்று எனக்கு இன்றுதான் உறைத்தது.

ஆகையால் மேலே கேட்டபடி எழுதாதே. மாமிக்கு, மாமா நிலைமை மோசம், இரண்டாவது ரிப்போர்ட்டை நம்பாதே, ஆத்தில் உப்பு மூச்சு விடக்கூடாது, மாமாவைத் தனியாக நடக்க விடாதே, அவர் மாத்திரை போடும்போது நீயும் உன் மாத்திரையைப் போட்டுக்கொண்டால்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று எழுது. எனக்கு எந்த மாத்திரை ஆபத்தில்லாதது என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என்னை எவ்வளவு பெரிய வியாதிஸ்தனாக ஆக்கினாலும் சரி, கஞ்சத்தனம் பண்ணாதே. மாவடு பரணிலேயே இருக்கட்டும்.