ஏழு பேர் கூடி எடுத்த முடிவு

மனைவி கேட்ட ஒரு கேள்விக்கு லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாதமாகப் பதில் சொல்லவில்லை.

கடைக்குட்டியின் வாயிலிருந்து சட்டைப் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டே ஒருநாள் காலை அவள் கேட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் காப்பர்-டி வைத்துக்கொள்ளச் சொல்கிறார், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாமாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றாள். ஏற்கெனவே மூன்றும் ஆண் பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மறுபடி தையல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்து அப்போது நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"சொல்றேன்" என்றான்.

கெட்டவன் இல்லை. நடுவழியில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவான். தானாக ஒரு முடிவெடுக்கத்தான் வராது. செருப்பு வாங்கப் போனால்கூட, கடைக்கு வந்த யாரோ ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டுத்தான் காலை நுழைப்பான்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய் நின்றான். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுல என்னடா அவசரம்? உங்க அக்காவை ஒரு வார்த்தை கேளு."

சரி, அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டான். அக்காவுக்குப் போன் போட்டான். இதெல்லாம் போனில் பேசுகிற விஷயமா என்று கேட்ட அக்கா, மறுநாள் பெரிய பையோடு வந்து இறங்கினாள். அடுத்தது கட்டாயம் பெண்தான் என்பது அவள் கட்சி. இரண்டு பெயர்கள்கூட யோசித்து வைத்திருந்தாள். அதுவரை கை சும்மா இருக்க வேண்டாமென்று கடைக்குட்டிக்கு ரிப்பன் கட்டி அழகு பார்த்தாள். அவன் ரிப்பனையும் தின்னப் பார்த்தான்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அம்மாவிடம் வந்தான். அக்காவை அடக்க அத்தானால்தான் முடியும், அவரை வரச் சொல் என்றாள் அம்மா. அத்தான் வந்தார். அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார். மெக்கானிக்கின் கட்டில் அவருக்குப் போனது.

"உங்க ஃபோர்மேன் விவரமானவருன்னு சொல்லுவியே, அவர்கிட்டயும் கேட்டுடு" என்றாள் அம்மா.

ஃபோர்மேன் காலமெல்லாம் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தவர். ரகசியத்தைக்கூட மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். சாயங்காலத்துக்குள் பட்டறை முழுவதும் விஷயம் தெரிந்து, வைக்கலாம் என்று ஒரு கோஷ்டி, வேண்டாம் என்று ஒரு கோஷ்டி சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெல்டர் தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக, "என்ன, வச்சாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இப்படியே விட்டால் சரிப்படாது, உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று ஃபோர்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்துவிட்டார். இவ்வளவு செருப்பு எதற்கு என்று விசாரிக்க வந்த வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவனையும் சேர்த்து ஆக மொத்தம் ஏழு பேர். அத்தான் வம்சத்தைப் பற்றிப் பேசினார். ஃபோர்மேன் உலக ஜனத்தொகையைப் பற்றிப் பேசினார். வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினார். பேச்சு ஒரு முடிவுக்கு வருகிற மாதிரி தெரிந்தபோதெல்லாம் அம்மா, இன்னும் யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டு இன்னொரு சுற்று டீ கொடுத்தாள். கடைசியில் ஒரு வருஷம் பொறுப்பது, பிறகு மறுபடி உட்காருவது என்று தீர்மானமாயிற்று.

அப்போதுதான் மெக்கானிக் மனைவியைக் கவனித்தான். மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டிவிட்டு, ஈரச் சேலையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார நாற்காலி இல்லை. இவளிடம் யாருமே கேட்கவில்லையே என்று அவனுக்கு உறைத்தது. கேட்கலாமா என்று நினைத்தான். அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். தீர்மானத்தை நர்ஸிடம் சொல்லும் பொறுப்பை மற்ற ஆறு பேரும் அவன் தலையில் கட்டியிருந்ததால், லீவு போட்டுவிட்டு அவனும் கூடப் போனான். பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். வார்த்தை கோவையாக வரவில்லை. அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. நகத்தில் இன்னும் ரத்த ஓட்டமே இல்லாத மாதிரி ஒரு வெளுப்பு. பிரசவ வார்டுக்கு வெளியே, இவள் பிழைத்தால் போதும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"உனக்கு என்ன தோணுது?" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் போதுங்க. இன்னொரு தடவை என் உடம்பு தாங்காது."

மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் நடையே வேறு மாதிரி இருந்தது. நர்ஸ் அறைக்குள் நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்.

"வீட்ல ஏழு பேர் கூடி வேற மாதிரி முடிவு பண்ணினோம் சிஸ்டர். பரவாயில்லை. இவளுக்கு எது வேணுமோ அதுதான். இன்னைக்கே வச்சுடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவரைக் கேட்காமல் ஒன்று சொல்லியிருக்கிறான். நர்ஸ் அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, சொல்லுங்கள் என்று தலையாட்டினாள்.

"வச்சு மூணு மாசம் ஆகப்போகுது, இன்னைக்கு வெறும் செக்கப்தான்" என்றார் நர்ஸ். "'நீ உனக்கு வேணுங்கிறதைச் செஞ்சுக்கோ, அவன் குறுக்க வராம நான் நாலு பேர்கிட்ட அலைய விடறேன்'னு சொல்லி இவங்களைக் கூட்டிட்டு வந்ததே உங்க அம்மாதான்."