ஹர்லால் ஆத்துக்கு லைம் போன கதை

ஆத்தங்கரைல ஐஸ் பெட்டியோட மூடியைத் திறந்தான் ஹர்லால். உள்ள வாத்து இல்ல. முட்டைக்கோஸ் இருந்துச்சு.

ஒண்ணு இல்லீங்க, மூணு! குண்டு குண்டா, பச்சைப்பசேல்னு, 'வாப்பா, ரொம்ப நேரமாச்சா'ன்னு கேக்கற மாதிரி உக்காந்திருந்துச்சு. பக்கத்துல ஒரு பூசணிக்காய்.

நேத்து சாயங்காலம் பின்கொட்டகைல ஒளிஞ்சு நின்னு அவனே ரெண்டு வாத்து வெட்டினான். பூண்டு, மிளகாய், மசாலா எல்லாம் தடவி ஊறவெச்சு, ஐஸ் பெட்டில போட்டு, கார் டிக்கில பூட்டினான். டிக்கியைப் பூட்டினா போதுமா, மூக்கைப் பூட்ட முடியுமா? அவன் பொண்டாட்டி ரூக்மினோட மூக்கு இருக்கே, அது நாலு வீடு தள்ளிக் கொதிக்கிற கஞ்சிக்கு உப்பு பத்தலன்னு சொல்லும்!

காலைல என்ன நடந்துச்சுன்னா...

"சட்டியும் கையுமா எங்க கிளம்பிட்டே?"

"கோயிலுக்கு, டூடூ." காரியம் ஆகணும்னா மட்டும்தான் அவ டூடூ, செல்லம் எல்லாம். "இன்னிக்கு பெரிய சமையல். நான் இல்லாட்டி அங்க அடுப்பே பத்தாது."

"நம்ம வீட்டு அடுப்பு நீ இல்லாமத்தான்யா முப்பது வருஷமா பத்துது."

"உனக்கும் சேர்த்து கும்பிட்டு வரேன்."

"நல்லா கும்பிடு. அவசரமே இல்ல."

சண்டையே போடல! ஹர்லாலுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும். எங்க? ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

என்ன ஆசையா? லைம்! இங்க டிரினிடாட்ல இந்த ஒத்தை இங்கிலீஷ் வார்த்தைலதான் பாதி ஆயுசே ஓடுது. எலுமிச்சை இல்லீங்க. நாலு பேர் கூடி, ஒரு வேலையும் இல்லாம, சும்மா சிரிச்சு, சும்மா தின்னு, சும்மா கிடக்கறது. தெருமுனைல நின்னா ஒரு லைம். ஆத்தங்கரைல வாத்துக் கறி கொதிச்சா பெரிய லைம். 'எங்கடா போறே?' 'லைமுக்கு.' அவ்வளவுதான், மேல கேக்கக்கூடாது. அழைப்பிதழ் அடிச்சா அது கல்யாணம். காரணம் சொன்னா அது மீட்டிங்.

ஒரு தடவை ரூக்மின் கேட்டா, "நானும் வரட்டுமா?" இவன் என்ன சொன்னான் தெரியுமா? "பொம்பளைங்க வந்தா அது குடும்ப விழா." அவ தலையை மட்டும் ஆட்டினா. ஆட்டினதோட அர்த்தம் இவனுக்கு இன்னிக்குத்தான் புரியப்போகுது.

இன்னிக்கு ஏன் இவ்வளவு துடிப்புன்னா, ஃபிட்ஸ்ராய். பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டாளி. டொரான்டோ போய் இருபத்திரண்டு வருஷம். இந்தத் தடவை அம்மா வீட்டையும் வித்துட்டான். நாளைக்கு விமானம். இனிமே இந்தப் பக்கம் வருவானோ மாட்டானோ. "ஹரி, அங்க சிரிக்கக்கூட அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்டா"ன்னு சொன்னப்ப அவன் கண்ணு கலங்கிடுச்சு. அப்பவே ஹர்லால் முடிவு பண்ணிட்டான். ஞாயித்துக்கிழமை, கௌரா ஆறு, மூங்கில் மடு, பதினோரு மணி. இன்னொரு கூட்டாளி பாய்சியோட கார்ல ஃபிட்ஸ்ராய் வந்துடணும்.

பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. போன்ல சிக்னல் இல்ல, அந்தப் பள்ளத்தாக்குல எப்பவும் கிடையாது. வளைவுல ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து நின்னான். கீழ இன்னொரு கூட்டம் பாட்டு போட்டு, இடுப்பளவு தண்ணில நின்னு சிரிச்சுட்டு இருந்துச்சு. கறி வாசனை காத்துல வந்து இவன் மூக்கைத் தடவிட்டுப் போச்சு. தண்ணி கல்லு மேல சளசளன்னு ஓடுச்சு. சின்ன வயசுல அதே கல்லு மேலேருந்துதான் ஃபிட்ஸ்ராய் இவனைத் தள்ளிவிடுவான். இன்னிக்கு ஒரு தடவை தள்ளிவிட்டா போதும்னு இருந்துச்சு. தள்ளத்தான் ஆள் இல்ல.

ரெண்டரைக்கு வண்டியைத் திருப்பினான்.

வீட்டு கேட் கிட்ட வந்தா, உள்ளேருந்து சிரிப்பு! ஃபிட்ஸ்ராயோட சிரிப்பு. டின் உருட்டற மாதிரி, உலகத்துல ஒருத்தனுக்குத்தான் அப்படி வரும்.

ஊஞ்சல் படுக்கைல ஃபிட்ஸ்ராய். படில பாய்சி. பக்கத்து வீட்டு புருஷன் பொண்டாட்டியும் ஆஜர். நடுவுல கரண்டியோட ரூக்மின். தட்டுகள்ல வாத்து எலும்பு மட்டும்.

ஹர்லால் வந்ததையே யாரும் கவனிக்கல. லைம்ங்கற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு சண்டை.

"வெள்ளைக்கார மாலுமிங்கடா! எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டு தெருமுனைல சும்மா நிப்பானுங்க"ன்னான் ஃபிட்ஸ்ராய்.

"போடா. விருந்துக்குக் கூப்பிடாதவன் வெளிய நிப்பான்ல, எலுமிச்சை சப்பின மூஞ்சியோட? அதுலேருந்து வந்தது"ன்னான் பாய்சி.

"ரெண்டும் இல்ல"ன்னா ரூக்மின். "கல்யாணம் ஆனவன் வீட்டைவிட்டு ஓடறதுக்குக் கண்டுபிடிச்ச வார்த்தை."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"டேய் பாய்சி!" ஹர்லால் நடுவுல புகுந்தான். "மூணரை மணி நேரம்டா!"

"என் தப்பா ஹரி? உன் வீட்டைத் தாண்டித்தானே போகணும். கிளம்பிட்டியான்னு பாக்க ஹார்ன் அடிச்சோம். 'அஞ்சு நிமிஷம் உக்காருங்க'ன்னா உன் பொண்டாட்டி. உன்னைக் கூட்டிட்டு வர மூணு தடவை எழுந்தோம். மூணு தடவையும் ஒரு தட்டு வந்துச்சுடா!"

ரூக்மின் எழுந்தா. கொடில கிடந்த துண்டை எடுத்து தோள்ல போட்டுக்கிட்டா. "சரி, மராக்கஸ் கடலுக்குப் போலாமா?"

"போலாமே!" மொத்தக் கூட்டமும் எழுந்துச்சு. அஞ்சு பேர் பாய்சி கார்ல ஏறினாங்க. முன்சீட்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரூக்மின்.

"ஹரியும் பாவம், நெருங்கி உக்காரலாம்"னான் ஃபிட்ஸ்ராய்.

"வேணாம் தம்பி. காலைலேருந்து கோயில்ல நின்னு உழைச்ச மனுஷன். படுக்கட்டும்."

ஹர்லாலால தாங்க முடியல. "நான் கோயிலுக்குப் போகல ரூக்மின்!"

"ஐயோ. அப்ப எங்க போனே?"

"ஆத்துக்கு."

"லைமுக்கா?"

"...ஆமா."

"அப்ப ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்யா."

கார் கிளம்பிடுச்சு. ஃபிட்ஸ்ராயோட கை மட்டும் ஜன்னல்ல ஆடுச்சு. ஹர்லால் கேட் வரைக்கும் ஓடினான். முப்பது வருஷமா அதே இடத்துல நின்னு ரூக்மின் கேட்ட கேள்வி, அவனை அறியாமலே அவன் வாய்லேருந்து வந்துச்சு.

"எப்ப வருவே?"

"யாருக்குத் தெரியும்?"னா ரூக்மின்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு கார் கிளம்பியிருக்கா?