தாழ மறுத்த சுழியோடி

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பார்க்கவும் சாப்பிடவும் மட்டும்தான். அதிலும் பெண்ணாய்ப் பிறந்துவிட்டால் முழங்காலுக்கு மேல் கடல் கிடையாது. சட்டை நனையும், சளி பிடிக்கும், சனம் பார்க்கும். உப்புவெளி என்ற ஊரில் பிறந்து, உப்புவெளியிலேயே கலியாணம் கட்டி, ஐம்பதைத் தாண்டிய நானும் அந்த முழங்கால் தண்ணீரில் நின்றுதான் கடலைப் பற்றி ஒரு அலுமாரி நிறைய வசனகவிதை எழுதினேன். (அலுமாரியைத் திறந்தால் முதல் வாசகர் கரப்பான்தான்.) ஆழி, ஆழம், அடியாழம் என்று நான் பாவித்த சொற்களை மீன்கூட அவ்வளவு பாவித்திருக்காது. ஆழத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்ல வேளை, கவிதை வாசித்துவிட்டு யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே, மாலைதீவுக்குப் போய்க் கடலுக்கடியில் சுழியோடுவது என்று நான் முடிவெடுத்ததை ஒருவரும் பைத்தியம் என்று சொல்லக்கூடாது. சொன்னார்கள். அது வேறு கதை.

திட்டம் உருவான இடம் நான் வேலை பார்க்கும் கந்தோர். நேரம் மத்தியானச் சாப்பாடு. கூட்டாளி கிண்ணியாவிலிருந்து வரும் பரீதா. என் பக்கத்துக் கதிரைக்காரி. அவளுடைய தம்பி மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். "ஜெயாக்கா, வாங்க போவம். அங்க கடலுக்கடியில பூந்தோட்டம் மாதிரியாம்" என்று மீன் பொரியலைக் கடித்தபடி சொன்னாள். நான் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டேன். உடம்பு மட்டும்தான் கந்தோரில் கிடந்தது.

"சுழியோடப் புறாமலைத் தீவு பக்கத்தில கிடக்க, மாலைதீவு என்னத்துக்கு?" என்று கேட்டார் என் கணவர் அன்ரன். பலசரக்குக் கடைக்காரர், எதற்கும் கிட்ட இருக்கிற சந்தையைப் பார்ப்பவர்.

"இஞ்ச கடலுக்கடியில போனாலும் 'கடை அன்ரன்ர மனுசி வாறா' எண்டு மீன் சொல்லும்" என்றேன்.

ரொறன்ரோவிலிருந்து இவருடைய அக்கா, என் மச்சாள், தொலைபேசியில் தன் பங்கைச் சொன்னாள்: "இந்த வயசிலயோ?" இந்த இரண்டு சொல்லையும் அந்த மாதம் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். முகங்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவை உதவின.

மாலைதீவில் இறங்குவதற்கு முன் அடிப்படைப் பயிற்சியை ஊரிலேயே முடித்துவிடுவது நல்லது என்று பரீதாவின் தம்பி சொன்னார். உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்குச் சுழியோடப் பழக்கும் ஒரு இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தோம். களப்பில் நீந்தி வளர்ந்த பரீதா முதல் நாளே மீன் மாதிரி இறங்கிப் போனாள். நான் இறங்கவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பட்டி, வாயில் மூச்சுக்குழாய், முகத்தில் பெரிய கண்ணாடி. இவ்வளவையும் சுமந்துகொண்டு நான் தண்ணீரில் வெற்றுப் பீப்பாய் மாதிரி மிதந்தேன். பயிற்றுநர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். தோள் போனது, மற்றப் பக்கம் மேலே வந்தது. (அந்த மற்றப் பக்கத்தை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் படம் எடுத்தது.)

"மிஸ், மூச்சை விடுங்கோ. நீங்க மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கிறீங்க."

"விட்டுக்கொண்டுதானே இருக்கிறன்!"

"விடயில்ல மிஸ்."

அவர் மரியாதையான ஆள். சனிக்கிழமை கடைசி வகுப்பு, அன்றைக்கு அடித்தரையில் முழங்காலில் இருந்து காட்டினால்தான் சான்றிதழ், இல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பார்ப்போம் என்றார். அடுத்த பருவம் வரைக்கும் மாலைதீவு எனக்காகக் காத்திருக்கலாம். பரீதா எடுத்த லீவு காத்திருக்காது. வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சீனி நிறுத்தபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்:

"நீர் தாழமாட்டீர், ஜெயா. அது உம்மட சுபாவம்."

கடையில் நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன். தாழ்ந்தே தீருவேன்!

என் அறிவுக்கு எட்டிய காரணம் ஒன்றுதான்: பாரம் போதாது. கடைக்கு மின் தராசு வந்த பிறகு பழைய இரும்புப் படிக்கற்கள் மூலையில் கறள் பிடித்துக் கிடந்தன. அவற்றில் பெரிய இரண்டை எடுத்து, இவர் உடுத்துக் கழித்த பழைய சாரம் ஒன்றில் சுற்றி, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உப்புவெளியில் பழகினால் ஊர் பார்க்கும். அதனால் வெள்ளிக்கிழமை விடியக்காலை, ஓட்டோ பிடித்துப் பக்கத்து ஊரான சல்லிக் கடற்கரைக்குப் போனேன்.

வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் சல்லியில் ஊரே கடற்கரையில்தான் நிற்கும் என்பதை ஐம்பது வருடம் இங்கே வாழ்ந்த ஒருத்தி மறந்துபோனாள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். கவிஞர்.

கடல் அன்றைக்கு ஈயத்தகடு மாதிரிக் கிடந்தது. மார்பளவு வரை நடந்தேன். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு காலைத் தூக்கினேன். மிதந்தேன். இரும்பும் என்னோடு சேர்ந்து மிதந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி மிதந்தேன். அப்போதுதான் பின்னால் தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்டது.

"எடியே பிள்ளை! நில்லடி! நில்லு!"

கமலாக்கா. சல்லியில் கருவாடு போடுகிறவர். எங்கள் கடைக்கும் அவர்தான் கருவாடு தருவார். சேலையோடு கடலைப் பிளந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் என் இடுப்புக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஐயோ மாரியம்மா! படிக்கல்லு! கடைப் படிக்கல்லைக் கட்டிக்கொண்டெல்லே வந்திருக்கிறாள்! பிள்ளை, வாழ்க்கை எண்டா அப்பிடித்தான். அதுக்காண்டி இப்பிடிச் செய்யிறதோ? அந்த மனுசன் என்னடி செய்தவன் உனக்கு?"

"கமலாக்கா, நான் சாக வரேல்லை!"

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை!"

"நான் சுழியோடப் பழகுறன்!"

"இந்த வயசிலயோ?"

அவ்வளவுதான். கந்தோர், ரொறன்ரோ, கடையில் சிரித்த மூன்று பேர், தோளை அமுக்கிய பயிற்றுநர், அலுமாரிக் கரப்பான் எல்லாம் ஒன்றாய்த் தொண்டைக்கு ஏறின. ஒரு கத்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. ஆனால் நெஞ்சில் பல வருடமாய் அடைந்து கிடந்த காற்றெல்லாம் அந்தக் கத்தலோடு போய்விட்டது.

தாழ்ந்தேன்.

கல் விழுகிற மாதிரி அல்ல. யாரோ கையைப் பிடித்து இறக்குகிற மாதிரி. முழங்கால் மணலைத் தொட்டது. சத்தம் எல்லாம் மேலே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். பச்சை வெளிச்சம். மணலில் நாள்பட்ட வரிகள். கமலாக்காவின் சேலை தாமரை மாதிரி விரிந்து நிற்க, அதற்குள் இரண்டு கெட்டியான கால்கள். ஒரு சின்ன மீன் என் படிக்கல்லை மணந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போனது. முப்பது வருடமாய் நான் எழுதின ஆழம் இதுதான். இவ்வளவு கிட்டத்தில், மார்பளவுத் தண்ணீரில் இருந்திருக்கிறது.

பிறகு கமலாக்கா என் தலைமயிரைப் பிடித்தார்.

கரைக்கு இழுத்து வந்தபோது பாதிச் சல்லி சுற்றி நின்றது. சாரம் அவிழ்ந்து படிக்கற்கள் கடலோடு போய்விட்டன. என்னை ஓட்டோவில் ஏற்றி, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொள்ள, ஊர்வலம் எங்கள் கடை வாசலில் போய் நின்றது. இவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன செய்தனீங்கள் இந்தப் பிள்ளைக்கு?" என்றார் கமலாக்கா.

"நானோ? நான் ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யாததுதான் பிழை!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இவர் என் நனைந்த கோலத்தைப் பார்த்தார், படிக்கல் குறைந்த மூலையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. "அக்கா, அவ சுழியோடப் பழகுறா" என்றார். ஒருவரும் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து அழைப்பு. விசயம் அவ்வளவு கெதியாய்க் கடல் கடந்திருந்தது. மச்சாள் அழுதுகொண்டே, போன ஞாயிறு பத்திரிகையில் வந்த என் கவிதையைக் கடை முழுக்கக் கேட்கத் தொலைபேசி ஒலிபெருக்கியில் வாசித்தாள்:

'கடலே, என் பாரத்தையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு உன்னிடம் இறங்கி வருகிறேன். கரையில் யாரும் காத்திருக்க வேண்டாம்.'

"அது ஈயப் பட்டியைப் பற்றினது!" என்று கத்தினேன். கேட்பார் இல்லை. முப்பது வருடத்தில் என் கவிதையை ஊர் வரி வரியாக வாசித்தது அன்றைக்குத்தான். பொருளும் சொன்னது. பிழையான பொருள். (விமரிசகர்களுக்கும் இதே பழக்கம் உண்டு; ஆனால் அவர்கள் தலைமயிரைப் பிடிப்பதில்லை.)

தீர்ப்பு வந்தது: நான் கடலுக்குக் கிட்டப் போகக்கூடாது, இவர் என்னைத் தனிய விடக்கூடாது, மாலைதீவு இல்லவே இல்லை. இவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கூட்டம் கலைந்த பிறகு துவாயை நீட்டிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "தாழ்ந்தனீரோ?"

"தாழ்ந்தனான்."

"எப்பிடி?"

"கத்தினனான்."

துவாயை என் தலையில் போட்டார். "அப்ப நாளைக்கு மோட்டார்சைக்கிளில ஏத்திக்கொண்டு போறன். உம்மைத் தனிய விடக்கூடாது எண்டுதானே சொன்னவை."

சனிக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் கமலாக்கா இடுப்பில் கை வைத்தபடி காவல் நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது. நான் அவருக்குக் கையைக் காட்டிவிட்டு இறங்கினேன். மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, இந்த வயசிலயோ என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் கத்தினேன். தண்ணீருக்கடியில் அது குமிழி குமிழியாக மட்டுமே வெளியே போனது. மச்சாளின் பெயர் வருவதற்கு முன்னமே முழங்கால் மணலில் இருந்தது. அவ்வளவு அழகான சுவாசத்தைத் தான் கண்டதில்லை என்று பயிற்றுநர் பரீதாவிடம் சொன்னாராம்.

மாலைதீவுக்குப் போனோம். பூந்தோட்டம் இருந்தது, பரீதா பொய் சொல்லவில்லை. அங்கே எந்த மீனுக்கும் நான் யாருடைய மனுசி என்று தெரியாது. இன்னொரு தடவையும் போவேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும், எனக்குக் காற்று மிச்சம்.

ஆனால் வீட்டில் இனி நான் நிம்மதியாகக் கோபப்பட ஏலாது. குசினியில் அடுப்படியில் நின்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், கடையிலிருந்து இவர் கேட்பார்: "இப்ப எவ்வளவு ஆழம்?" கருவாட்டோடு வந்து நிற்கிற கமலாக்கா கதவடியில் எட்டிப் பார்த்து, "தம்பி, தலைமயிரைப் பிடிக்கட்டோ?" என்பார்.

நான் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொல்வேன்: "பொறுங்கோ. இன்னும் அடி தட்டேல்லை."