அறுபத்திரண்டாம் விரற்கடை

2023ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை 4.00 மணிக்கு எழுந்தேன். 4.10க்குக் கிணற்றடிக்குப் போய் அறுபத்திரண்டு வாளி தண்ணீர் அள்ளினேன். 5.40க்கு ஒரு தேத்தண்ணீர். 5.50க்கு நாட்குறிப்பில் "62ஆம் நாள். இலக்கு எட்டப்பட்டது" என்று எழுதி, கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். (சிவப்பு மையில். வெற்றிக்குச் சிவப்பு, தோல்விக்கு நீலம். நீலப் பேனா அதுவரை திறக்கப்படவே இல்லை.)

அந்தக் கோட்டைப் போட்ட மனிதனை இன்று சந்திக்க நேர்ந்தால், பேனாவைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிவேன்.

அவனைக் கெடுத்தது கைத்தொலைபேசியில் பார்த்த ஒரு காணொளி. கோட்டுப் போட்ட ஒருவர், பெரிய மாற்றங்களுக்கு ஆசைப்படாதீர்கள், நேற்றையை விட இன்று ஒரு துளி கூடச் செய்யுங்கள், போதும் என்றார். எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. படி ஏறினால் மூச்சு வாங்கும். அதைவிட நாள்தோறும் பதிந்து கோடு போட ஏதாவது தேவைப்பட்டது. ஏப்ரல் 27ஆம் திகதி தொடங்கினேன். முதல் நாள் ஒரு வாளி, அடுத்த நாள் இரண்டு வாளி, இப்படியே. கைக்கும் பயிற்சி, வாழைக்கும் தண்ணீர்.

நான் வலிகாமத்தில் செம்மண்ணில் பிறந்தவன். அங்கே கிணறு ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் இனிக்கும். தீவுப்பகுதியிலுள்ள சரவணைக்கு, மனைவி மலரின் வீட்டோடு வந்து சேர்ந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. வந்த அன்றே மலர் கிணற்றுக் கயிற்றில் இருந்த ஒரு முடிச்சைக் காட்டினாள். அவளுடைய ஐயா, என் மாமனார், கட்டியது. அந்த முடிச்சு கிணற்றுக் கட்டோடு நிற்க வேண்டும், அதற்குக் கீழே கயிறு போகக்கூடாது, வாளி அரைவாசி வந்தாலும் காணும், அதுவே போதும் என்றாள். அதை நான் அலட்சியம் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்: "கயிற்று முடிச்சு. பழைய வழக்கம். காரணம் விசாரிக்க."

விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளையும் சொல்லியிருக்கும்: தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே பாலாடைபோல மிதக்கிறது. மேலோட்டமாகக் கொஞ்சமாக அள்ளினால் ஆடை வரும். ஆழமாக நிறைய அள்ளினால் கடல் வரும்.

கோடையாதலால் முதல் நாளே வாளி அரைவாசியாக வந்தது. அரை வாளியை ஒரு வாளி என்று பதிவது என் மனச்சாட்சிக்கு ஒத்துவரவில்லை. எனவே முடிச்சை அவிழ்த்து, தினம் ஒரு விரற்கடை கயிறு கூட விட்டேன். ஒரே ஒரு விரற்கடை. அதுதானே அந்த முறையின் மகிமை. வீட்டுப் பாத்திரங்களையும் நானே நிரப்பியதால் மலருக்குக் கிணற்றடிக்கு வரும் தேவையே இருக்கவில்லை. (அதையும் ஒரு சாதனையாகச் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.)

ஒரு துளியாக ஏறும் நன்மை கண்ணுக்குத் தெரியாது என்றார் கோட்டுக்காரர். ஒரு துளியாக ஏறும் உப்பும் நாக்குக்குத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. மே 30: "வாழை இலை ஓரம் கருகுகிறது. வெயில்." யூன் 11: "மலர் கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டாள். என் ஒழுக்கம் வீட்டிலும் பரவுகிறது." இந்த வரியை எழுதிவிட்டு அதன் அழகில் மயங்கி இரண்டு முறை வாசித்ததாகவும் குறிப்பு இருக்கிறது.

இதற்கிடையில், எதிர்வீட்டுப் பாக்கியம் அக்காவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. அவருடைய மகள் கலியாணம் முடித்து ஒன்பது வருடம் கழித்துக் கருவுற்றிருந்தாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதாக அக்கா வேண்டியிருந்தார். அந்த வழியால் போகிற ஒருவரும் தாகத்தோடு படகேறக்கூடாது. அவருடைய கிணறு உவர். அந்த ஒழுங்கையில் நல்ல தண்ணீருக்குப் பேர்போனது எங்கள் கிணறுதான். நான் ஓம் என்றதோடு நில்லாமல், அந்த 62ஆம் நாளே பந்தல் நாளும் என்பதால், அன்று அள்ளும் தண்ணீர் முழுவதையும் தருவதாக அறிவித்தேன்.

காலை ஏழு மணிக்கு வீதியோரப் பூவரசின் கீழே இரண்டு கிடாரம் நிறையத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் தயார். அக்கா விரதம். பந்தல் முடியும்வரை வாயில் ஒன்றும் படக்கூடாது.

"தம்பி, நீர் ஒருக்கால் குடிச்சுச் சொல்லும்."

குடித்தேன். தேன் மாதிரிக் கிடக்கு என்றேன். பொய் சொல்லவில்லை. அறுபத்திரண்டு நாள் பழகிய நாக்கு அது.

நேர்த்தித் தண்ணீரை யாரும் குறை சொல்வதில்லை. வந்தவர்கள் வாங்கினார்கள், ஒரு வாய் குடித்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், பூவரசின் மறுபக்கம் போனார்கள். அவர்களுடைய பக்தி என்னை உருக்கியது. கையில் குவளையோடு அகப்பட்ட ஒவ்வொருவருக்கும் நான் தினம் ஒரு துளி தத்துவத்தை விளக்கினேன். ஏழே முக்காலுக்குள் 84 பேர். நான்தான் எண்ணினேன். பூவரசின் அடி சேறாகியிருந்ததை மட்டும் எண்ணவில்லை.

85ஆவது ஆள் ஒரு வான் சாரதி. ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நிலத்தில் ஊற்றினார். பிறகு வானில் இருந்தவர்களிடம் அமைதியாகச் சொன்னார்:

"இறங்க வேண்டாம். வயித்தோட்டத்துக்கு ஆஸ்பத்திரியில குடுக்கிற தண்ணியை இஞ்ச ரோட்டில குடுக்கினம்."

வான் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். பிறகு கிடாரத்தில் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். விரதம் அந்த இடத்தில் முறிந்தது. அந்த விரலை அவர் சேலைத் தலைப்பில் திரும்பத் திரும்பத் துடைத்ததைக் கண்டேன். அதை நான் எந்த நிறத்திலும் எழுதவில்லை.

மலரைக் கூப்பிட ஆள் போனது. அவள் முதலில் போனது கிணற்றடிக்கு. கயிற்றோடு வீதிக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ. ஐயா கட்டின முடிச்சு எங்க?"

தினம் ஒரு விரற்கடைதான் விட்டேன் என்றேன். மொத்தம் அறுபத்திரண்டு என்றும் சேர்த்துச் சொன்னேன். (துல்லியம் என்னை எந்த இடத்திலும் கைவிட்டதில்லை.)

பாக்கியம் அக்கா தலையில் கை வைத்தார்.

"ஒவ்வொரு விரற்கடையாக் கடலுக்கே போயிட்டீரே தம்பி. ஒரேயடியாப் போயிருந்தா அண்டைக்கே பிடிச்சிருப்பமே."

இரண்டு மாதம் அதே தண்ணீரைக் குடித்த மலருக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை. என் முன்னேற்றங்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததில் என் திட்டம் எதுவும் இல்லை. மலர் வீடு வீடாகப் போனாள். பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாங்கி வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டுக் குடிதண்ணீரில் ஒவ்வொரு குடம் கொடுத்தார்கள். நான் சைக்கிளில் கட்டி இழுத்தேன். பத்து மணிக்குப் பந்தல் மறுபடி தொடங்கி, இருட்டும்வரை நடந்தது. அக்கா அதன்பிறகு ஒருவரையும் பூவரசின் பக்கம் போக விடவில்லை. கண் முன்னாலேயே குடிக்கச் சொன்னார்.

ஐப்பசியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகமாக. அம்மாள் உப்பையும் ஏற்றுக்கொண்டாள் என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். நான் ஏதாவது புதிய பழக்கம் தொடங்குவதாக வாயெடுத்தால், மலர் இப்போதும் எழுந்து போய்க் கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறாள். விருந்துக்கு வரும் அவளுடைய தங்கை குழம்பைச் சுவைத்து, "அத்தான் அள்ளினதோ, நீ போட்டதோ?" என்று கேட்காமல் சாப்பிடுவதில்லை.

கிணற்றை மாரி மழை வரும்வரை தொடக்கூடாது என்று தீர்ப்பானது. எனவே மறுநாள், யூன் 28, புதன்கிழமை, காலையில் முதலில் செய்தது: நாட்குறிப்பைத் திறக்காமல், ஒரு வெறுங்குடத்தோடு பவுசர் வரும் சந்தியில் போய் நின்றேன். வரிசையில் ஏழாவது ஆள். ஆறாவது பாக்கியம் அக்கா. தன் குடம் நிறைந்ததும் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என் குடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்டு காணும் தம்பி. நாளைக்கு ரெண்டு கொண்டு வராதையும்."