நாற்பதடி தள்ளி ஒரு சமையலறை

சாத்தூர்,
12.6.2006

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயசுந்தர் அவர்களுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும், ஒரு மாதமாக என்னிடம் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் அக்கா ஞானபூரணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். "முப்பத்தொரு வருசம் ஒத்தை ரூம் வாடகை வீட்டுல இருந்தது போதும். வீட்டு பிளான் பாஸாகாம என்னையக் கூப்பிட வராதீக" என்று சொல்லிவிட்டுத்தானே வந்தாள்? பிளான் பாஸாகிவிட்டது. ஆனால் அதை அவளிடம் பக்குவமாகச் சொல்ல உங்களால்தான் முடியும்.

நாங்கள் வாங்கிய இருபது சென்ட் மனைக்கு நான் கொடுத்த பிளானை நகராட்சி அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பினார்கள். ஜன்னல் சிறியது என்றார்கள், பெரிதாக்கினேன். கக்கூஸ் தொட்டி கிணற்றுக்குப் பக்கம் என்றார்கள், தள்ளினேன். தள்ளிய தொட்டி பக்கத்து மனைக்குள் போய்விட்டது என்றார்கள், அதுவும் உண்மைதான். பதினோரு மாதம் இப்படியே போக, சிவகாசியில் சங்கரபாண்டியன் என்பவர் வரைந்தால் ஒரே நாளில் பாஸாகும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு மட்டுமே வரைகிறவர் என்பது எனக்குத் தெரியாது. "எத்தன ரூம் சார்?" என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். அவர் கொடுத்த பிளானில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டுவிட்டேன். அலுவலக கிளார்க் செல்லப்பாண்டி அதை விரித்துப் பார்த்து, "என் சர்வீஸ்ல இப்படிக் கொறையில்லாத பிளானப் பாத்ததில்ல சார்" என்று கண்கலங்கி முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்துதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நாலு அறையும் தனித்தனிக் கட்டடம், ஒன்றுக்கொன்று நாற்பது அடி இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் நாலு வாசல், எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். படுக்கையறைக்கு இடிதாங்கி, ஜெப அறைக்கு மணல் வாளி. சமையலறையில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே' என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. ஓடிப்போய்ச் சங்கரபாண்டியனைக் கேட்டேன். "ஒரு ரூமு வெடிச்சாலும் மத்த மூணும் நிக்கும் சார், பயப்படாதீக" என்றார். மாற்றவேண்டும் என்று செல்லப்பாண்டியிடம் போனால், "மறுபடி மொதல்லருந்து வரணுமே சார்" என்கிறார்.

மாப்பிள்ளை, முதலிலிருந்து போனால் மறுபடி பதினோரு மாதம் ஆகும். அவ்வளவு நாள் அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. கலியாணமான நாள் முதல் நான் அவளைத் தனியாக விட்டதே இல்லை. சமைக்கும்போதுகூடப் பின்னால் நின்று உப்பு, புளி, காரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆகவே இந்த வீட்டுக்கே அவளை எப்படியாவது சம்மதிக்க வைத்து, கையோடு அழைத்து வாருங்கள்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும், எங்கள் நாலு கட்டடங்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
மாணிக்கராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். மேசையில் கிடந்த பிளானை அரை மணி நேரம் படித்தாள். "சமையக்கட்டுல ஒரு ஆளுதான் நிக்கணுமா? சர்க்காரே எழுதிக் குடுத்திருக்காகளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "ஒரு வாசல்ல நீங்க வந்தாலும் எனக்கு இன்னும் மூணு வாசல் இருக்கு" என்று சொல்லி, முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆளும் சொல்லிவிட்டாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள் மாப்பிள்ளை. உடனே புறப்பட்டு வந்து, இந்த வீடு வேண்டவே வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பதினோரு மாதம் என்ன, பதினோரு வருடம் ஆனாலும் நான் முதலிலிருந்து வருகிறேன்.