மச்சானின் சுவரும் மாமாவின் விசிலும்

அன்பும் அறிவும், இந்தக் கடிதத்துக்குத் தேவையான பொறுமையும் உள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, உன் அப்பா, தண்ணீர் பம்பு எல்லோரும் நலம். பம்புக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். அங்கே நீயும் என் தங்கச்சியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். இருக்கத்தான் வேண்டும், இதைப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டுமே. உட்கார்ந்து படி. நாற்காலி இல்லையென்றால் சுவரில் சாய்ந்துகொண்டு படி. சுவர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, உன்னிடம் ஒரு விஷயம்... சரி, அது கடைசியில்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒரு வண்டி வார்த்தை பேசுவாய். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றது எழுத்துக் கூட்டுவது ஒன்றுதான், அது ஒருநாள் மச்சானிடமிருந்து தப்பிக்க உதவும் என்று வாத்தியார்கூட நினைத்திருக்க மாட்டார்.

நம் வாட்டர் சர்வீஸ் வாசலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீ இந்த இடத்தை எங்களுக்குக் கொடுத்தபோது வாசலுக்கு முன்னால் நாய் நடுரோட்டில் மல்லாந்து தூங்கும். இப்போது நான்கு ரோடும் அகலமாகிச் சந்திப்பில் சிக்னல் போட்டாகிவிட்டது. அந்த சிக்னலுக்கு ஒரு பஸ் நீளம் முன்னால் நம் வாசல். சிவப்பு விழுந்தால் வாசலை மறைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும். உள்ளே கழுவித் துடைத்த கார் வெளியே போக முடியாது. அது போகாததால் கழுவ வந்த கார் உள்ளே வர முடியாது, இண்டிகேட்டரைக் கண்சிமிட்டவிட்டுக்கொண்டு ரோட்டிலேயே நிற்கும், அதற்குப் பின்னால் பஸ் நிற்கும், பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே நிற்கும். பச்சை விழும், எவனும் நகர மாட்டான், மறுபடியும் சிவப்பு விழும். இதற்குள் கழுவிய காரின் மேல் ரோட்டுப் புகையெல்லாம் படிந்துவிடும், அந்த ஆள் இறங்கி வந்து, "அண்ணே, இன்னொரு தடவை கழுவிடுங்களேன்" என்பார். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், சாலைத் துறை இன்ஜினியரம்மா வரும்வரைக்கும்.

சின்ன வயசு, பெரிய குடை. நடைபாதையில் நின்று முழுக் காலை நேரமும் நம் வாசலையே பார்த்தார். உன் அக்கா கொடுத்த டீயைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த சந்திப்பு அடைக்கிறதே உங்க வாசலாலதான். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வருவேன். அன்னிக்கும் உங்க வரிசை ரோட்ல நின்னுச்சுன்னா, வாசலுக்குக் குறுக்கே கல்லு பதிச்சு மூடிடுவோம்."

"மூடிட்டா வண்டி எப்படிம்மா உள்ள வரும்?"

"அதான் நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க."

மச்சான், கார் நுழைய முடியாத வாட்டர் சர்வீஸில் நான் எதைக் கழுவுவது? என் கையைத்தான் கழுவ வேண்டும். உன் அக்கா அன்று டீ டம்ளரை இரண்டு தடவை கழுவினாள், அதிலேயே அவள் மனசு எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் சிரித்துக்கொண்டே இருந்தேன். யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டுமே.

முதல் யோசனை என்னுடையது. வாசலுக்கு வெளியே ஓரமாக ஒதுங்கி நின்றால் இடைஞ்சல் இருக்காது என்று நினைத்து, பெரிய பலகையில் 'வரிசையாக வரவும்' என்று எழுதி அம்புக்குறி போட்டு மாட்டினேன். நம் ஜனங்களின் கீழ்ப்படிதலைக் குறைத்து எடை போட்டுவிட்டேன் மச்சான். அந்தப் பக்கமாகப் போன வண்டியெல்லாம் அம்புக்குறியைப் பார்த்து வரிசையில் வந்து நின்றது. ஒரு காருக்குப் பாதி சோப்பு போட்ட பிறகு உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "ரயில்வே ஸ்டேஷனுக்கு இப்படித்தானே போகணும்?" என்றார். பாவம், மீதிப் பாதிக்கும் சோப்பு போட்டுத்தான் அனுப்பினேன். பலகையை அன்றே கழற்றிவிட்டேன்.

அடுத்த யோசனை உன் அக்காவுடையது. எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால்தானே நெருக்கடி, போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு வரட்டும் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் உன் அக்கா யாருக்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டாள், அந்த வார்த்தையை எனக்காகவே பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒருத்தர் பத்து மணிக்கு வரட்டுமா என்றால் "தாராளமா வாங்க." இன்னொருத்தர் பத்து மணி என்றால் "உங்களுக்கு இல்லாததா?" சனிக்கிழமை பத்து மணிக்கு நம் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து மருந்துக்கடைக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏண்டி, எல்லாருக்கும் பத்து மணியே குடுத்தா எப்படி?"

"ஒருத்தருக்குப் பத்து, இன்னொருத்தருக்குப் பதினொண்ணுன்னா, பதினொண்ணுக்காரர் மனசு கஷ்டப்படாதா?"

இதற்கு ஒரு பதில் உன்னிடம் இருந்தால் எழுது, நான் அவளிடம் காட்ட மாட்டேன்.

மூன்றாவதாக இறங்கியவர் உன் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், 'வாசலை மூடிடுவாங்களாம்' என்று உன் அக்கா சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கண்டக்டர் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "வண்டியை நிறுத்துறதும் எடுக்கிறதும் எனக்கா தெரியாது? ஒரு விசில் ஊதினா நிக்கணும், ரெண்டு ஊதினா எடுக்கணும். இதுக்குப் போய் இன்ஜினியர் படிப்பு எதுக்கு மாப்பிள்ளை?" என்றார்.

நம்பு, முதல் நாள் அவர் ஒரு ராஜா. ரோட்டில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் இரண்டு விசில், கழுவிய கார் வெளியே போகும். ஒரு விசில், வருகிற கார் நிற்கும். தினமும் காலையில் நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி டிரைவர் இருக்கிறாரே, அவர் அந்தக் காலத்தில் உன் அப்பா பஸ்ஸையே ஓட்டியவர். அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், விசிலை மட்டும் கேட்டு லாரியைப் பின்னால் எடுத்தார். இரண்டு பேரும் அன்று பேசிக்கொண்டது குறைவு, சிரித்துக்கொண்டது அதிகம். உன் அப்பா சாயங்காலம் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே ஞாபகப்படுத்தினேன், "எந்த முழங்கால்?" என்கிறார்.

இரண்டாம் நாள்தான் வினை. ஒரு காரை வெளியே அனுப்ப உன் அப்பா இரண்டு விசில் ஊதினார். கார் போனது. கூடவே, சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றிருந்த டவுன் பஸ்ஸும் போனது. அதற்குப் பின்னால் நின்ற இன்னொரு பஸ்ஸும் போனது. எதிர்ப்பக்கம் பச்சையில் வந்தவர்கள் எல்லாம் பிரேக் போட்டார்கள். நல்ல காலம், முதல் பஸ் நாலு அடி போய், போலீஸ்காரர் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைத் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. சிக்னல் போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருய்யா அது விசில் ஊதினது?"

"நாந்தான். என்ன இப்போ?" என்றார் உன் அப்பா.

"நான் சிவப்பு போட்டு நிறுத்தி வச்சிருக்கேன், நீங்க எடுக்கச் சொல்றீங்களா?"

"நான் காரைச் சொன்னேன். பஸ்ஸு எடுத்தா அது என் தப்பா? நல்ல டிரைவர் சார் அவரு. விசிலுக்கு மரியாதை தெரிஞ்சவரு."

பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "மன்னிச்சுக்குங்க சார், ரெண்டு விசில் கேட்டதும் காலு தானா போயிடுச்சு" என்றார். பஸ்ஸுக்குள்ளிருந்த கண்டக்டர், தன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். போலீஸ்காரர் உன் அப்பாவின் விசிலைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உன் அப்பா மறுபடியும் கட்டிலுக்குப் போய் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எந்த முழங்கால் என்று எனக்கு அன்று மூன்று தடவை விளக்கமாகச் சொன்னார்.

விஷயம் இன்ஜினியரம்மா காதுக்குப் போய், திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அவரே வந்துவிட்டார். சரி, கல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ ரோட்டைப் பார்க்காமல் உள்ளே வந்து, ஷெட்டைத் தாண்டி, பின்பக்கம் போய் நின்றார். அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும் மச்சான். மூச்சை நிதானமாக விடு.

"இந்தச் சுவரு யாரு கட்டினது?" என்றார்.

"என் மச்சான். லீவுல வந்து அவரே கல்லடுக்கிக் கட்டினாரு."

"கொத்தனாரா?"

"இல்லம்மா. தைரியம்."

அவர் சுவரை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தால்தான் அது நேராகத் தெரியும் என்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார், படித்தவர் படித்தவர்தான். "இதுக்குப் பின்னாடி?" என்றார். சந்து என்றேன். "அது எங்க போய்ச் சேருது?" பின் ரோட்டில் என்றேன். உடனே சோப்பு நுரையோடு நின்றிருந்த ஒரு காரின் பானெட்டில் விரலால் கோடு போட்டார். "வர்ற வண்டியெல்லாம் பின் ரோட்டுல திரும்பி, சந்து வழியா உள்ள வரட்டும். வரிசை உங்க இடத்துக்குள்ளயே நிக்கட்டும். ரோட்டு வாசல் வெளிய போறதுக்கு மட்டும், அதுவும் இடது பக்கம் மட்டும். வாசலுக்கு முன்னாடி நான் மஞ்சக் கட்டம் அடிச்சுத் தர்றேன், அதுல எந்த வண்டியும் நிக்கக் கூடாது. இது நடந்தா கல்லு வேணாம்ணே." நுரை வழிந்து கோடு அழிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காரைக் கழுவவே எனக்கு மனசு வரவில்லை. "ஆனா இடம் உங்க மச்சானோடது. அவர் சம்மதிக்கணும். அப்புறம்தான் இடிக்கணும்" என்றும் சொன்னார். போகும்போது போலீஸ்காரரிடம் பேசி விசிலையும் வாங்கிக் கொடுத்தார், காம்பவுண்டுக்குள் மட்டும்தான் ஊத வேண்டும் என்ற நிபந்தனையோடு. உன் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆக, விஷயம் இதுதான் மச்சான். உன் சுவரை இடிக்க உன் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்கிறவன் நீ. அதன் படத்தைக் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டியிருக்கிறாய் என்று என் தங்கச்சி சொல்லி எனக்குத் தெரியும். அதனால்தான் பக்குவமாகக் கேட்கிறேன். முழுவதும் வேண்டாம். ஒரு கார் தாராளமாக நுழையும் அளவு போதும். மூலைத் தூணில் ஈர சிமென்டில் உன் கையைப் பதித்தாயே, அந்தப் பக்கம் ஒரு கீறல் விழாது. இடித்த கல்லில் உன் அப்பா உட்கார்ந்து விசில் ஊத ஒரு மேடை கட்டிக்கொள்கிறேன். அதையும் நீயே லீவில் வந்து கட்டு, இந்தத் தடவை நான் தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டு சிரிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை நெருங்கிவிட்டது. உன் பதிலை வாசலில் நின்றே வாங்குவேன். உன் சம்மதம் வரும்வரை அந்தச் சுவரின் ஒரு செங்கல்லைக்கூட நான் தொட மாட்டேன். உன் அக்கா தலையில் அடித்து சத்தியம் செய்ய வந்தேன், அவள் நகர்ந்துகொண்டாள்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், மீசை குத்தினால் அது நான்தான் என்று சொல். உன் அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீ வளைந்து நின்றாலும் விழாமல் நிற்க வேண்டும், உன் சுவரைப் போல.

இப்படிக்கு,
உன் சுவரின் நலம் விரும்பும்,
உன் மச்சான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் படித்துவிட்டாய் அல்லவா? இனி அதில் பாதியை மறந்துவிடு. நேற்று உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் வழக்கம்போல் பின்னால் எடுத்தார். உன் அப்பா, காம்பவுண்டுக்குள் நின்றுதான், சரியான இடத்தில் 'நில்' என்று ஒரு விசில் ஊதினார். பம்பு இருமியதில் அது டிரைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, லாரி நிற்கவில்லை. அதனால் பதறிப்போய் 'நில்' என்று இன்னொரு விசில் ஊதினார். இரண்டும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். டிரைவர் உற்சாகமாக எடுத்தார்.

யாருக்கும் ஒன்றும் இல்லை, லாரிக்கும் ஒன்றும் இல்லை. "நான் ரெண்டு தடவை நில்லுன்னேன் மாப்பிள்ளை" என்று உன் அப்பா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை, அதில் இப்போதும் மாற்றமில்லை. செய்தி கேட்டு வந்த இன்ஜினியரம்மா, "சம்மதம் வந்த பிறகுதானே இடிக்கச் சொன்னேன்?" என்றார், பிறகு இடைவெளியை அளந்து பார்த்தார், லாரியின் அகலம் அவர் கேட்ட அகலத்துக்குச் சரியாக இருந்ததாம். மஞ்சள் கட்டத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார், கல் வராது. இன்று காலை முதல் எல்லா வண்டியும் சந்து வழியாகத்தான் வருகிறது, ரோட்டில் ஒன்றுகூட நிற்கவில்லை. உன் அக்கா டம்ளரை ஒரே ஒரு தடவைதான் கழுவினாள்.

மூலைத் தூண் மட்டும் அப்படியே நிற்கிறது, உன் கையோடு. உன் அக்கா அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டாள். சந்தில் வருகிற ஒவ்வொரு வண்டியும் உன் உள்ளங்கையைப் பார்த்ததும் தானாக நின்று, தன் முறை வந்த பிறகுதான் நுழைகிறது. உன் பேச்சை இவ்வளவு பேர் கேட்டு நான் பார்த்ததே இல்லை, மச்சான்.

சம்மதக் கடிதத்தை மட்டும் போன வாரத் தேதி போட்டு அனுப்பு.