கார் நிறுத்துமிடத்துச் சாய்தளம்

அமெரிக்க ஆதிக்குடிகளான நம் செரோக்கி மக்களின் நலனுக்கென்று ஒரு வீட்டு வசதி அலுவலகம் இருந்தது. போய்க் கேட்டால் கூரை மாற்றிக் கொடுப்பார்கள், குழாய் போட்டுக் கொடுப்பார்கள், சில சமயம் மறதியாக ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட அநாகரிக நிலைமையை இனியும் அனுமதிக்கலாகாது என்று மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம் பிறந்தது. பழைய பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு 'கடூகி உணர்வு மேம்பாட்டுத் துறை' என்று புதுப் பலகை ஏற்றினார்கள். அதற்கு ஏழு மூலை. நமக்குக் குலம் ஏழு, ஆகையால் மூலையும் ஏழு. அந்த மூலைகளைச் செதுக்குவதிலேயே அந்த வருஷம் போய்விட்டது.

கடூகி என்றால் என்னவென்று மலைக்காடுகளில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒருத்தர் வீடு ஒழுகினால் ஊரே ஏணியும் சுத்தியலுமாக வந்து நிற்கும். பொழுது சாய்வதற்குள் வேலை முடியும். பீன்ஸும் சோள ரொட்டியும் பன்றி வறுவலும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, உப்புக் கம்மி என்று குறையும் சொல்லிவிட்டுப் போவார்கள். இதைப் போய் இத்தனை காலம் ஒரு துறையாக்காமல் விட்டிருந்தார்களே, என்ன மடத்தனம்!

வால்நட் ஓடைப் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் லியோட்டா பிளாக்ஃபாக்ஸுக்கு இந்த மேம்பாடெல்லாம் தெரியாது. அவளுக்கு வேண்டியது ஒரு சாய்தளம். புருஷன் ஆமோஸுக்குச் சர்க்கரை வியாதி முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியும் நகரத்து மறுவாழ்வு இல்லத்திலேயே கிடந்தான். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும், அதைத் துறை பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் அனுப்புவோம் என்று இல்லத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். லியோட்டாவின் வீடோ, நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இருப்பது மாதிரி, சக்கரத்தின்மேல் நிற்கும் இழுவை வீடு. வாசலுக்கு மூன்று மரப்படி. அந்த மூன்று படிதான் இப்போது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே மலையாக நின்றது.

ஆமோஸ் தினமும் போன் செய்வான். "இங்கே சூப்புன்னு ஒண்ணு ஊத்துறாங்கடி. அடியில இருக்கிற தட்டு தெரியுது. சிரிச்சுக்கிட்டேதான் ஊத்துறாங்க. ஓடைச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வரல, லியோட்டா. எப்படியாவது கூட்டிக்கிட்டுப் போ." அவள் போனை வைத்துவிட்டு, பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே துறைக்குப் போனாள்.

இயக்குநர் நாற்காலியில் பிரென்ட் டெஹீ உட்கார்ந்திருந்தான். கழுத்தில் சாப்பாட்டுத் தட்டளவு பாசிமணிப் பதக்கம். இந்த வருஷம் துறையில் அதுதான் மோஸ்தர். பதவி உயர உயரப் பதக்கமும் பெரிதாகும், கழுத்து குனியும்.

"வாங்க பெரியம்மா," என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிக்கணும். ஆபீஸ்ல உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. வாங்க, பயனாளி அவர்களே."

"உன் அம்மா ரூபி என் ஒண்ணுவிட்ட தங்கச்சி. உனக்குப் பல்லு முளைச்சப்போ முதல்ல கடிச்சது என் விரலைத்தான். பயனாளியாம் பயனாளி! வாசலுக்கு ஒரு சாய்தளம் போட்டுக் குடுடா."

"அங்கதான் சிக்கல். உறவுக்காரங்களுக்கு நான் அனுமதி குடுக்கக் கூடாது."

"வால்நட் ஓடையில உனக்கு உறவில்லாதவங்க யாரு இருக்கா?"

பிரென்ட் யோசித்துப் பார்த்தான். "யாருமில்லே. அதனாலதான் யாருக்கும் இன்னும் எதுவும் குடுக்கல. நேர்மைக்காக மேலிடம் எங்களைப் பாராட்டியிருக்கு."

"சரி, நீ குடுக்க வேணாம். ஹூலியும் மத்தவங்களும் வந்து கட்டிக் குடுத்துடுவாங்க. நீ வந்து பார்த்து ஒப்புக்கோ, போதும்."

ஹூலி அவள் சித்தி மகன், தம்பி முறை. வீடுகளை லாரியில் கட்டி இழுப்பது அவன் தொழில். பிரென்ட் பதறிப்போனான். "ஐயையோ! அது அங்கீகாரமில்லாத கடூகி. அவங்க யாருக்கும் கடூகி தெரியும்னு எந்த ஆதாரமும் இல்லையே. முறைப்படி பயிற்சி எடுக்கணும். அதையும் உறவுக்காரங்க சொல்லிக் குடுக்கக் கூடாது. அதனால தூரத்து நகரத்துல இருந்து நிபுணரை வரவழைக்கிறோம்."

அப்படியாக, செரோக்கிகளுக்கு கடூகி சொல்லிக்கொடுக்க டாக்டர் மெரிடித் ஹாலோவே விமானத்தில் வந்து இறங்கினார். முழங்கை வரை நீலக்கல் வளையல். ஊரே துறையின் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. நல்ல மனத்தோடு வந்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆமோஸுக்காக என்றால் நெருப்பில் நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பார்கள். டாக்டரோ நடக்கவே விடவில்லை. வட்டமாக உட்காரச் சொல்லி, ஒரு நூல்கண்டைக் கொடுத்து, ஆளுக்கு ஆள் எறியச் சொன்னார்.

"இந்த நூல் உங்களை எப்படி இணைக்கிறது என்று உணருங்கள்," என்றார். "நீங்கள், ஐயா, என்ன உணர்கிறீர்கள்?"

"பசிக்குதும்மா," என்றான் ஹூலி.

"அருமை! பகிர்ந்துகொள்ளப்பட்ட பசி. எல்லாரும் இதைக் கவனியுங்கள்."

பக்கத்திலிருந்தவன் ஹூலியின் விலாவில் இடித்தான். "டேய், நூலை விடாதடா. விட்டா உறவு அறுந்துடும்." கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டாக்டர் அந்தச் சிரிப்பையும் ஆனந்தம் என்று தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியாகச் செய்முறைத் தேர்வு. ஒரு சாய்தளம் கட்டிக் காட்ட வேண்டும். நூலை வீசி எறிந்துவிட்டு எழுந்தார்கள் பாருங்கள்! மத்தியான வெயில் ஏறுவதற்குள், கெட்டியான மரத்தில், கைப்பிடியெல்லாம் வைத்து, யானை ஏறினாலும் ஆடாத ஒரு சாய்தளத்தை அதே கார் நிறுத்துமிடத்தில் போல்ட்டு போட்டு நிறுத்தினார்கள். அதன் உச்சியில் வாசல் இல்லை, வீடு இல்லை, வெறும் காற்றுதான். பிரென்ட் ரிப்பன் வெட்டினான். 'துறையால் பார்வையிடப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று பித்தளைத் தகடும் அடித்தான். தேறியதற்கு அடையாளமாக எல்லாருக்கும் நீலச் சட்டைக்கோட்டும், பெயர் போட்டுக் கழுத்தில் தொங்கவிடும் கழுத்தட்டையும் கிடைத்தன.

"வாடோ, பிரென்ட்டு," என்று நம் பாஷையில் நன்றி சொன்னாள் லியோட்டா. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "ஹூலி, போல்ட்டைக் கழட்டு. வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

"கையை எடுங்க!" பிரென்ட் பாய்ந்து வந்தான். "இது பயிற்சிச் சாய்தளம், துறையோட சொத்து. இடத்தை விட்டு நகர்த்தினா ஒப்புதல் போச்சு."

"அப்ப என் வீட்டுக்கு?"

"அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். ஆனா பாருங்க, வருஷத்துக்கு ஒரு சாய்தளம்தான் நிதி. இந்த வருஷத்துது இதோ நிக்குது."

"இது எங்கடா போகுது? மேல ஏறினா கீழ விழணும்!"

"எங்கே போகுதுன்னு விதியில கேக்கல, பெரியம்மா. ஒப்புதல் பெற்ற சாய்தளமான்னுதான் கேக்குது."

லியோட்டாவுக்கு வந்த கோபத்தில் அந்தப் பதக்கத்தைப் பிடித்து முறுக்கியிருப்பாள். முறுக்கவில்லை. சாய்தளத்தையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு ஹூலியைப் பார்த்தாள். ஹூலி தன் லாரியைப் பார்த்தான்.

"நகர்த்தக் கூடாதது சாய்தளத்தைத்தானே?" என்றாள். "வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டு முடிந்த கையோடு ஊர் திரண்டது. ஒருத்தன் தண்ணீர்க் குழாயைக் கழற்றினான், ஒருத்தன் மின்கம்பியை அவிழ்த்தான், பெண்கள் அடுப்பில் பன்றி வறுவலை ஏற்றினார்கள். ஹூலி வீட்டை லாரியில் கட்டி, ஊர்வலமாக இழுத்து வந்து, கதவு சாய்தளத்தின் உச்சியில் கச்சிதமாகப் பொருந்தும்படி நிறுத்தினான். அன்றைக்கு நடந்ததுதான் கடூகி. அதற்கு யாரும் கழுத்தட்டை மாட்டவில்லை.

திங்கட்கிழமை காலை, தன் காரை நிறுத்தும் இடத்தில் ஒரு வீடு நிற்பதையும், அதன் கொடியில் லியோட்டாவின் உள்பாவாடை ஆடுவதையும் பிரென்ட் கண்டான். அரை மணி நேரம் கத்தினான். பிறகு மேலிடத்துக்குப் போன் செய்தான். போனை வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது. வாசல் இருக்கிறது, சாய்தளம் இருக்கிறது, தகடு இருக்கிறது; உறவுக்காரிக்கு அவன் எதையும் கொடுக்கவுமில்லை, வீடுதான் தானாக வந்து நிற்கிறது. துறை ஆரம்பித்ததிலிருந்து முதல் பயனாளி! புகைப்படக்காரரை வரவழைத்தான்.

ஆமோஸ் வந்தான். சக்கர நாற்காலி தடதடவென்று சாய்தளத்தில் ஏறி, தன் வீட்டு அடுப்படியில் போய் நின்றது. பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஓடை எங்கடி?" என்று கேட்டான்.

"கொஞ்ச நாள்தான். அடுத்த வருஷம் நிதி வந்ததும் திரும்பிப் போயிடலாம்," என்றாள் லியோட்டா.

கதை இங்கேயே முடிந்திருந்தால் துறையை மட்டும் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்த நீலச் சட்டைக்கோட்டு இருக்கிறதே, அது பொல்லாதது. முதலில் கிண்டலுக்குப் போட்டார்கள். அப்புறம் கடைக்குப் போகும்போது போட்டார்கள். அப்புறம் கோட்டு இல்லாதவன் சுத்தியலைத் தொட்டால் முறைத்துப் பார்த்தார்கள். பிரென்ட்டும் ஒரு சுற்றறிக்கை விட்டான். பயிற்சி பெற்றவர் ஒப்புதல் இல்லாத வேலையைச் செய்தால் அவருடைய அங்கீகாரம் ரத்து, அவர் அனுபவிக்கும் வசதியும் ரத்து.

வசந்த காலத்துச் சூறைக்காற்று ஹூலியின் கூரையைப் பாதிக்குமேல் பிய்த்துக்கொண்டு போயிற்று. மறுநாள் காலை, துறையின் மாதாந்திரக் கூட்டத்துக்காக எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் நீலக் கோட்டோடு நின்றிருந்தபோது, நனைந்த சட்டையோடு ஹூலி லாரியில் வந்து இறங்கினான்.

"வாங்கப்பா, மேற்கால இன்னும் மேகம் இருக்கு. பிள்ளைங்க மேஜைக்கு அடியில படுத்துக் கிடக்குதுங்க," என்றான்.

யாரும் அசையவில்லை. "நாங்க சாய்தளத்துக்குத்தான் தேறியிருக்கோம், ஹூலி," என்றான் அன்று விலாவில் இடித்தவன். "கூரைக்குத் தனி வகுப்பாம்."

ஹூலி லியோட்டாவைப் பார்த்தான். "அக்கா, நீயாவது சொல்லேன்."

லியோட்டா தலையைக் குனிந்துகொண்டாள். சாய்தளம் போய், ஆமோஸை மறுபடி அந்த இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள். "டாக்டரம்மா எப்போ வர்றாங்கன்னு பிரென்ட்டுகிட்ட கேட்டுப் பாரு, தம்பி," என்றாள்.

லியோட்டாவின் வீட்டுக் கதவு திறந்தது. சாய்தளத்தின் உச்சியில் ஆமோஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சுத்தியல், ஒரு டப்பா ஆணி. கீழே நின்ற கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நான் அந்த இல்லத்திலேயே இருந்திருக்கலாம்," என்றான். "அங்கே இருந்தவங்க எனக்கு உறவில்ல. அதனால அவங்க கைகட்டி நின்னாலும் வருத்தமில்ல. ஹூலி, வண்டியைப் பின்னால எடு. என்னை ஏத்து."

நாற்காலி சாய்தளத்தில் இறங்கியது. கோட்டுகள் விலகி வழிவிட்டன. அந்த நேரம் பார்த்து பிரென்ட் புகைப்படக்காரரோடு வெளியே ஓடி வந்தான். "ஆகா! பயனாளி யார் துணையும் இல்லாம தானே இறங்கறார்! எல்லாரும் கை தட்டுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். லாரி போய் வெகுநேரம் வரைக்கும் தட்டினார்கள். அந்தப் படம் இன்றைக்கும் துறையின் முன்கூடத்தில் ஏழு மூலைச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் எல்லாரும் சிரிக்கிறார்கள். முன்வரிசையில் நின்று பலமாகத் தட்டுகிறவள் லியோட்டா.